வருத்தம் வருமுன் வரிசையில் நிற்போம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1985ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூற்றாண்டு மேடையில் எங்கள் வகுப்புக்கும் பத்து நிமிடம் தருகிறோம் என்று செயலாளர் அறிவித்தபோது, பழைய நினைவுகளைப் பேசுவோம் என்றுதான் முதலில் நினைத்தோம். விளையாட்டுப் போட்டி, கலைவிழா, மணி அடிக்கமுன் சாப்பிட்டு முடித்த மதியச் சாப்பாடு என்று பேச எவ்வளவோ உண்டு. ஆனால் எங்களுக்குள் கூடிக் கதைத்தபோது, இந்த நேரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதே சரி என்று பட்டது. ஆகவே உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எங்களில் எவரும் வைத்தியர் அல்லர். வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறோம்.

1985ஆம் ஆண்டு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய நாங்கள் 41 பேர். இன்று 37 பேர் இருக்கிறோம். 11 பேர் குடாநாட்டிலும், 5 பேர் கொழும்பிலும், மிகுதி 21 பேர் கடல் கடந்தும் வாழ்கிறோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். தலைக்கு மை பூசுவோரும் பூசாதோரும் எங்களில் உண்டு. மூக்குக் கண்ணாடி இல்லாதவர் எவருமில்லை.

எங்கள் காலத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மண்டபத்தின் ஒரு மூலையில் திரைச்சீலை கட்டுவார்கள். உயரம் அளப்பார்கள், நிறை பார்ப்பார்கள். தூரத்தில் தொங்கும் அட்டையில் எழுத்து வாசிக்கச் சொல்வார்கள். பல்லைக் காட்டச் சொல்லி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இரத்தம் குறைவு, கீரை சாப்பிட வேணும்" என்று எழுதித் தருவார்கள். திங்கட்கிழமைகளில் மாணவ முதல்விகள் நகம் பார்ப்பது வேறு. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லாதபோதுதான் இவையெல்லாம் நடந்தன. வருத்தம் இல்லாத பிள்ளையை ஏன் பார்க்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. வரிசையில் நில் என்றார்கள், நின்றோம்.

பாடசாலையை விட்டு வந்தபின் எங்களை வரிசையில் நிறுத்த ஆளில்லாமல் போயிற்று.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. பதுங்கு குழியும், பனடோலுக்குக்கூடத் தட்டுப்பாடும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் கைதடிப் பாலத்தால் நடந்த நடையும் உங்களுக்கும் தெரிந்தவை. அந்தக் காலம் எங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. எழுந்து நடக்க முடிந்தால் அது வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரி என்பது காயப்பட்டவர்களுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய இடம். சண்டை முடிந்து பல ஆண்டுகள் ஆகியும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய பின்பும், அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

வீட்டிலும் ஒரு வரிசை இருந்தது. மாமியாரின் கண் சத்திரசிகிச்சை, கணவரின் பிறஷர் குளிசை, பிள்ளையின் தடுப்பூசி, அம்மாவின் முழங்கால் என்று எல்லாருடைய கிளினிக் கொப்பியும் எங்கள் கைப்பையில் இருந்தது. எங்களுக்கென்று ஒரு கொப்பி இருக்கவில்லை.

இப்போது எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை. அவளின் மகள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். அவளின் சம்மதத்துடனேயே இதை வாசிக்கிறோம்.

எங்கள் தோழிக்கு 49 வயதாக இருந்தபோது, குளிக்கும் வேளையில் இடது மார்பில் ஒரு சிறு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாததால் பயப்படவில்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்திக்கு மட்டும் அதைச் சொன்னாள். பாடசாலையில் எட்டு ஆண்டுகள் அவளுக்குப் பக்கத்தில், ஒரே வாங்கில் இருந்தவள் அவள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பிள்ளையின்ரை சோதினை முடியட்டும்" என்றாள்.

"ஓமடி, முடியட்டும்" என்றுதான் மற்றவளும் சொன்னாள்.

சோதினை முடிந்தது. பின் மாமனாரின் ஆட்டைத் திவசம் வந்தது. பின் வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை வந்தது. அவள் வைத்தியரிடம் போனபோது ஒன்பது மாதங்கள் கடந்திருந்தன. கட்டி கக்கம் வரை பரவியிருந்தது. தெல்லிப்பழையில் சிகிச்சை பெற்றாள். சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச் சிகிச்சை என எல்லாவற்றையும் தாங்கினாள். இரண்டு ஆண்டுகளின் பின் எங்களை விட்டுப் போனாள்.

ஒன்பது மாதம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என அவளைப் பார்த்த வைத்தியரே சொன்னார். ஆனால் முந்திப் போயிருந்தால் வாய்ப்புக் கூடியிருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மகளே, இதில் உன் பரீட்சையின் குற்றம் எதுவுமில்லை. உன் அம்மா மட்டுமல்ல, அந்த வரிசையில் எங்கள் எல்லோருக்குமே கடைசி இடம்தான் பழகியிருந்தது. "முடியட்டும்" என்று சொன்ன தோழியும் எங்களில் ஒருத்திதான். அவளின் இடத்தில் நாங்கள் எவர் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்போம். அதனால்தான் இதை எங்கள் எல்லோருடைய பிழையாகவும் ஏற்றுக்கொண்டு இங்கே சொல்கிறோம்.

அவளின் அந்தியேட்டிக்குக் கூடிய அன்று, குடாநாட்டில் இருக்கும் நாங்கள் பதினொரு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போவது என்பதே அது.

எங்கே போவது என்று கேட்டால், அது எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில்தான் இருந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்று நடக்கிறது. 'வெல் வுமன் கிளினிக்' என்றால் பலருக்கு உடனே விளங்கும். 1996ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் இது நடைபெற்று வருகிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. ஒரு சதமும் செலவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நிறை பார்த்த அதே கட்டடம். பிள்ளைகளைக் கொண்டு எத்தனை தரம் அந்தப் படியேறியிருப்போம்! பக்கத்து அறையில் எங்களுக்கும் ஒரு கிளினிக் நடப்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

பதினொரு பேரையும் ஒன்றாகக் கண்டதும் அங்கிருந்த குடும்பநல மாது திகைத்துப்போனார். "என்ன ரீச்சர், சுற்றுலாவோ?" என்று எங்களில் ஒருத்தியைக் கேட்டார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. மீண்டும் உயரம், மீண்டும் நிறை, மீண்டும் வரிசை. பின் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தார்கள். பெண் வைத்தியர் ஒருவர் மார்பகத்தைப் பரிசோதித்து, நாங்களாகவே வீட்டில் எப்படிக் கவனிப்பது என்றும் காட்டித் தந்தார். கடைசியாகக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, அதாவது பப் பரிசோதனை.

அதற்குத்தான் எல்லோரும் கூச்சப்பட்டோம். இரண்டு பேர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் கையைப் பிடித்து மறுபடி கூட்டிப் போனோம். உள்ளே இரண்டு மூன்று நிமிட வேலைதான். கொஞ்சம் அசௌகரியம், நோவென்று சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனையை உலகுக்குத் தந்தவர் பப்பனிக்கொலாவு என்ற கிரேக்க வைத்தியர். அவர் தன் ஆய்வுக்காகத் தன் மனைவியிடமிருந்தே ஆண்டுக்கணக்காக மாதிரி எடுத்துப் பார்த்தார் என்று வைத்தியர் சொன்னபோது, "பாவம் மனுசி! நாங்கள் ஒரு தரத்துக்கே இந்தப் பாடு" என்றாள் எங்களில் ஒருத்தி.

பதினொரு பேரின் முடிவுகளையும் அவரவர் அனுமதியுடன் சொல்கிறோம். மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம். ஒருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேருக்குச் சீனி. இன்னும் இருவர் சீனியின் வாசற்படியில். ஒருத்திக்குக் கருப்பைக் கழுத்தின் கலங்களில் மாற்றம் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் புற்றுநோயாகக்கூடிய நிலை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறு சிகிச்சையுடன் அது நீக்கப்பட்டது. இப்போது ஒழுங்காகக் கிளினிக்குப் போகிறாள். இன்று இந்த மேடையில் எங்களுடன் நிற்கிறாள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. எச்பிவி என்ற வைரசுத் தொற்று நீங்காமல் இருந்தால், அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அத்தனை ஆண்டுக் கால அவகாசத்தில் ஒரு தரம் இரு தரம் பார்த்தாலே பிடித்துவிடலாம். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் செய்துகொள்ளுங்கள் என்று இலங்கையின் சுகாதாரத் துறை கேட்பது அதனாலேயே. இங்கிருக்கும் தங்கைமாரே, உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டதென்றால், கடந்துவிட்டதே என்று இருக்க வேண்டாம். போய்க் கேளுங்கள். உங்கள் பெண்பிள்ளைகளுக்கு 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் தரத்தில் எச்பிவி தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இனிச் சில இலக்கங்கள். பரீட்சைப் புள்ளிகளை இன்றும் மறக்காத நாங்கள் இவற்றையும் நினைவில் வைக்கலாம்.

இரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அது உயர் இரத்த அழுத்தம். தலைச்சுற்றோ தலையிடியோ வந்தால்தான் பிறஷர் என்று எண்ணுகிறோம். பெரும்பாலானோருக்கு ஒரு குறியும் இருப்பதில்லை.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 100க்குக் கீழ் இருந்தால் நல்லது. 126ஐ எட்டினால், மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரியைக் காட்டும். அதில் 6.5 வீதம் எல்லை. பரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து ஏமாற்றும் எங்கள் கெட்டித்தனம் அதனிடம் செல்லாது.

இடுப்புச் சுற்றளவு எங்கள் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு உள்ளே இருக்க வேண்டும். உடற்திணிவுச் சுட்டெண் 23க்கு மேல் போனாலே எங்களுக்குக் கவனம் தேவை. மெலிந்தவளுக்குச் சீனி வராது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுவோம். எங்கள் பதினொரு பேரில் சீனி கண்ட இருவரில் ஒருத்தி, வகுப்பிலேயே ஒல்லியானவள்.

மாதவிடாய் நின்றபின் எலும்பும் இதயமும் முன்போல் இல்லை. இதயநோய் ஆண்களின் வருத்தம் என்று நினைத்து, நெஞ்சில் வந்த இறுக்கத்தை "வாய்வு" என்று உள்ளி இடித்துக் குடித்த தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெண்களுக்கு அது சில வேளை மூச்சு வாங்கல், தாடை நோ, முதுகு நோ, குமட்டல், அளவுக்கு மிஞ்சிய களைப்பு என்றும் வரும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அதே வாரம் வைத்தியரிடம் போக வேண்டும். மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருங்குதல், இரத்தம் கசிதல் என்பவையும் அப்படியே. ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். வழமையான பரிசோதனை என்பது குறி இல்லாதவர்களுக்கு. குறி கண்டவர்கள் அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "போன வருசம் பார்த்தது, ஒன்றுமில்லை எண்டவை" என்பதும் காத்திருக்கக் காரணமாகாது.

கடல் கடந்த எங்கள் 21 பேரின் கதை வேறு விதமானது. அவர்களுக்கு அழைப்புக் கடிதம் வீடு தேடி வருகிறது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கேட்டபோது, கடிதத்தை உடைக்காமல் லாச்சிக்குள் வைத்தவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். இங்கிலாந்தில் 50 வயது முதல் 71ஆவது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுக்கு ஒரு தரம் மமோகிராமுக்கு அழைக்கிறார்கள். நோர்வேயில் 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தரம். ஒன்ராறியோவில் 40 வயதிலிருந்தே நீங்களாக ரெலிபோன் எடுத்துப் பதியலாம். அவுஸ்திரேலியாவில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கான மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்துக்கு அங்கே இடமே வைக்கவில்லை. குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வந்தால், அருவருத்துக் குப்பையில் போடாதீர்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மகனை மொழிபெயர்க்கக் கூட்டிப்போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்தவளும் எங்களில் உண்டு.

இலங்கையில் எல்லாப் பெண்களையும் மமோகிராமுக்கு அழைக்கும் திட்டம் இல்லை. இங்கே எங்கள் கையும், கிளினிக்கில் வைத்தியரின் கையும்தான் முதற்காவல். 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் நடக்கின்றன. சீனி, பிறஷர், இதயநோய் வரும் வாய்ப்பு என்பவற்றை அங்கே பார்க்கிறார்கள். கணவர்மாரையும் அங்கே கூட்டிப் போகலாம்.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். "முழு உடல் பரிசோதனை, விழாக்காலக் கழிவு" என்று விளம்பரங்கள் வருகின்றன. கூடப் பார்ப்பதெல்லாம் கூட நன்மை தராது. எங்களில் ஒருத்தி அப்படி ஒரு தனியார் இடத்தில் பெருந்தொகை கொடுத்து நாற்பது பரிசோதனை செய்தாள். அவற்றில் ஒன்று சற்றே கூடியிருந்தது. மூன்று மாதம் நித்திரையின்றி அலைந்தபின், அது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்த நாற்பதில் பப் பரிசோதனை இருக்கவில்லை. உங்கள் வயதுக்கும், குடும்பத்தில் உள்ள வருத்தங்களுக்கும் எது தேவை என்று உங்களை அறிந்த ஒரு வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எங்கள் குடும்பங்களில் இதை மறைக்கும் வழக்கம் உண்டு. சம்பந்தம் குழம்பும் என்று பயந்து பெற்ற பிள்ளைக்கே சொல்லாமல் விடுகிறோம்.

ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்டு எத்தனையோ பெண்கள் வீட்டிலேயே இறந்த ஊர் இது. அவர்களுக்காகவே இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த வைத்தியர் மேரி இரத்தினம் இந்த நாட்டுப் பெண்களின் சுகநலத்துக்காகத் தன் வாழ்நாளையே செலவிட்டார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1958இல் மகசேசே விருது பெற்றார். அப்படிப்பட்டவர்கள் பாடுபட்டுத் திறந்துவைத்த கதவுக்குள் நாங்கள் போகாமல் நிற்கிறோம்.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பில் இப்போது ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருந்தோமோ அவளே எங்கள் 'வாங்குத் தோழி'. அவளின் பிறந்த மாதத்தில் நாங்கள் ரெலிபோன் எடுக்க வேண்டும். "பிறந்தநாள் வாழ்த்து" என்று சொல்லிவிட்டு, "இந்த வருசம் போனனியோ?" என்று கேட்க வேண்டும். போகவில்லை என்றால் திகதி கேட்க வேண்டும். "அது முடியட்டும், இது முடியட்டும்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. தேவைப்பட்டால் கூடப் போக வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், கூட்ட அறிக்கை வேண்டாம். மற்ற வகுப்பினரும் இதைத் தொடங்கினால், சங்கத்தின் நூற்றாண்டுக்கு எங்கள் வகுப்பின் காணிக்கையாக அதை எண்ணிக்கொள்வோம்.

எங்கள் தோழியின் வாங்குத் தோழி இப்போது தனியே இருக்கிறாள். ஆகவே வேறு இரண்டு பேர் அவளைத் தங்கள் வாங்கில் சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த மாதங்களில் அந்த இருவருக்கும் முதல் அழைப்பு அவளிடமிருந்தே வருகிறது. காலை ஆறு மணிக்கே எடுத்துவிடுகிறாள்.

வரும் மாதம் மூன்றாம் வாரம் எங்கள் பதினொரு பேரின் இவ்வாண்டுக் கிளினிக் நாள். வர விரும்பும் அக்காமாரும் தங்கைமாரும் தேநீர் இடைவேளையில் எங்களிடம் பெயரைத் தாருங்கள். வானில் இன்னும் ஆறு இடம் இருக்கிறது.